அழகான சவரக்கத்தி, ஆனால் மோவாயில் இழுக்கிறது: கோளாறு எங்கே?

கொடிமுதுகு (கேள்வி):
இரண்டு ஆண்டுகளாகப் பழைய சவரக்கத்தி ஒன்றில் மழித்து வருகிறேன். கறுப்புப் பிடி, எந்த வேலைப்பாடும் கிடையாது. கன்னத்தில் வைத்ததே தெரியாது, அவ்வளவு நன்றாக மழிக்கும். போன மாதம் ஆசைப்பட்டு ஒரு கைவினைஞரிடம் சொல்லிப் புதிதாக ஒன்று செய்வித்தேன். டமாஸ்கஸ் எஃகு, அலகு முழுக்க அலையலையாகக் கோலம், முதுகில் அரத்தால் வெட்டிய கொடியும் இலையும், கனத்த பித்தளைப் பிடி. பெட்டியைத் திறந்த அன்று அதை ஈரமாக்கவே மனம் வரவில்லை. மழித்துப் பார்த்த பிறகோ, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது. முன்கை மயிரைச் சீவுகிறது. மோவாயில் வைத்தால் வேரோடு பிடுங்குகிறது.

1000, 5000, 8000, 12000 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்குக் கல் மாற்றி நானே தீட்டினேன். முதுகின் கொடி தேய்ந்துவிடாமல் இருக்க இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டேன். பிறகு தோல்வாரில் 60 முறை. மூன்று தடவை இப்படிச் செய்தும் பலனில்லை. பழைய கத்தி இதே கற்களில் ஒழுங்காகக் கூர் ஏறுகிறது. அழகுக்கு ஆசைப்பட்டதுதான் தப்பா?

சாணைக்கல்:
பழைய கத்தி அதே கல்லில் கூர் ஏறுகிறது என்றால் கல்லையும் கையையும் விட்டுவிடலாம். இரண்டு அளவுகள் சொல்லுங்கள்: முதுகு கல்லில் படும் இடத்தில் அதன் தடிமன்; அங்கிருந்து வாய்வரை, அதாவது வெட்டும் விளிம்புவரை, அகலம். அளக்கும்போது காலிப்பரின் (தடிமன் அளக்கும் கருவி) தாடையில் வாயை இடித்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். டமாஸ்கஸ் கோலம் எடுப்பாகத் தெரிவதற்கு அலகை அமிலத்தில் ஊறவைப்பார்கள். தீட்டி முடித்த பிறகு ஊறவைத்திருந்தால் வாயும் சேர்ந்து அரித்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சரிவு (வாயோரம் கல்லில் தேய்ந்த ஒடுங்கிய பட்டை) பளிச்சென்று இருக்கிறதா, கறுப்பு அதுவரை இறங்கியிருக்கிறதா?

கொடிமுதுகு:
தடிமன் 7 மி.மீ., அகலம் 20 மி.மீ. சரிவு இரு பக்கமும் பளிச்சென்றுதான் இருக்கிறது.

சாணைக்கல்:
அப்படியானால் அமிலத்தின் மேல் பழியில்லை. முதுகுதான் காரணம்.

மற்றக் கத்திகளைத் தீட்டும்போது கோணத்தை நம் கை பிடிக்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலை முதுகுடையது. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிவதால், முதுகு எவ்வளவு தடிப்போ அவ்வளவு அகன்ற கோணம். 20 மி.மீ. அகலத்துக்கு 7 மி.மீ. முதுகு என்றால் 20 பாகை வருகிறது. சுகமாக மழிக்கும் கத்திகள் பெரும்பாலும் 16 முதல் 18 பாகைக்குள் இருக்கும். கொடி வெட்ட இடம் வேண்டும் என்று உங்கள் கைவினைஞர் முதுகைத் தடிப்பாகவே விட்டிருப்பார்.

அதன் மேல் நீங்கள் வேறு டேப் ஒட்டியிருக்கிறீர்கள்! ஓர் அடுக்கு சுமார் 0.15 மி.மீ.; இரு பக்கமும் இரண்டிரண்டு அடுக்கு என்றால் 0.6 மி.மீ. கூடிவிட்டது. கோணம் 22 பாகையை எட்டிவிட்டது. மென்மையான மயிரைச் சீவ அது போதும். மோவாய் மயிருக்குப் போதாது.

டேப்பை உரித்துவிட்டு 1000 கல்லிலிருந்து தொடங்குங்கள். சரிவில் மார்க்கர் மை பூசிக்கொள்ளுங்கள். முதலில் கல் வாயைத் தொடாது, சரிவின் மேல் விளிம்பைத்தான் தேய்க்கும். வாயோரத்து மை முழுவதும் அழியும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: கை சலித்து 5000-க்குத் தாவுவார்கள், பிறகு 12000 வரை மெருகேற்றியும் வாய் மொண்ணையாகவே இருக்கும்.

பழையபிடி:
கோணக் கணக்கு சரி. ஆனால் வேலைப்பாடு என்றாலே ஆகாது என்று இவர் நினைத்துவிடப்போகிறார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த பழைய கத்திகளில் அலகின் பக்கவாட்டில் படமும் எழுத்தும் பொறித்து, சிலவற்றில் பொன்முலாமும் பூசியிருப்பார்கள். கல் படாத இடம்; எத்தனை முறை தீட்டினாலும் கூருக்குக் கேடில்லை. பொன்முலாம் மட்டும் துடைக்கத் துடைக்க மங்கும்.

எனக்கு உறுத்துவது பித்தளைப் பிடி. கத்தியைத் திறந்து, அலகையும் பிடியையும் இணைக்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு விரலால் தாங்கிப் பாருங்கள். பிடிப் பக்கம் சட்டென்று சாய்ந்தால் அலகின் கனம் கைக்கே தெரியாது. தெரியாததால் அழுத்துவீர்கள், அழுத்தினால் எந்தக் கத்தியும் முகத்தைப் பதம் பார்க்கும். கொம்புப் பிடி மாற்றலாம். ஆமையோடு போல மினுக்கும் பழைய செல்லுலாய்டு (பழங்காலப் பிளாஸ்டிக்) பிடிக்கு மட்டும் மயங்காதீர்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி அலகையே துருப்பிடிக்க வைக்கும். அப்படி ஒரு நல்ல கத்தியைப் பறிகொடுத்தவன் நான்.

கொடிமுதுகு:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். டேப் இல்லாமல் தீட்டினேன். மை அழிவதற்குள் தோள் விட்டுப்போயிற்று. இப்போது கன்னத்தில் நன்றாகப் போகிறது, மோவாயில் இன்னும் கொஞ்சம் முரண்டு. பிடியும் நீங்கள் சொன்னபடியே சாய்கிறது.

செய்தவரிடம் பேசினேன். முதுகில் பக்கத்துக்கு 0.5 மி.மீ. எடுத்து 6 மி.மீ. ஆக்கித் தருகிறாராம். கோணம் 17 பாகைக்குச் சற்று மேல் வரும் என்று கணக்கிட்டேன். கொடியின் தண்டு தப்பிவிடும், பக்கவாட்டில் இறங்கும் இலைநுனிகள் போய்விடும் என்கிறார். ஓர் இரவு யோசித்துவிட்டுச் சரி என்றேன். கொம்புப் பிடியும் கேட்டிருக்கிறேன். பித்தளையை எறிய மனமில்லை, பெட்டியிலேயே இருக்கட்டும்.

சாணைக்கல்:
தண்ணீர் ஊற்றி ஊற்றி மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். வாய்ப் பக்கம் நீலம் ஏறிவிட்டால் அங்கே எஃகின் கடினம் போய்விட்டது என்று பொருள், பிறகு எந்தக் கல்லாலும் ஆகாது. அனுப்புவதற்கு முன் அலகை நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். ஆணியைச் சுற்றியும் ஒரு சொட்டு விடுங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.