விண்டோஸ் 11 போட்டதும் வேர்ட்ஸ்டார் ஓப்பனே ஆகல, என்ன பண்றது?

ஜூனியர்_மேசை:
வணக்கம். சிவில் வக்கீல் ஆபீஸ்ல ஜூனியரா இருக்கேன். எங்க சீனியர் இன்னமும் வேர்ட்ஸ்டார் 4-ல (விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்து டைப்பிங் சாஃப்ட்வேர்) தான் டிராஃப்ட் அடிப்பார், பிளெயின்ட், நோட்டீஸ், லீஸ் டீட் எல்லாமே அதுல தான், மவுஸ் பக்கம் கையே போகாது. விண்டோஸ் 10 32 பிட்ல நல்லா ஓடிட்டிருந்துச்சு. 2025 அக்டோபரோட 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுதுன்னு சிஸ்டத்த மாத்தி 11 போட்டாச்சு, இப்ப ஐகானை தட்டினா இந்த ஆப் உங்க பிசில ஓடாதுன்னு ஒரு நீல பெட்டி வருது அவ்ளோதான். ஃபைலை நோட்பேட்ல திறந்தா ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசி எழுத்து மட்டும் என்னமோ கோணல்மாணலா தெரியுது, ஃபைல் கெட்டுப் போச்சோன்னு பயமா இருக்கு. திங்கக்கிழமை ஃபைலிங் வேற. யாராச்சும் சொல்லுங்க.

கணினிப்_பித்தன்:
ரைட் கிளிக் > ப்ராப்பர்ட்டீஸ் > கம்பேட்டிபிலிட்டி போய் எக்ஸ்பின்னு வச்சுப் பாருங்க ப்ரோ, எனக்கு ஒரு பழைய கேம் அப்படித்தான் ஓடுச்சு.

டாஸ்_காலத்து_ஆள்:
அது 32 பிட் ப்ரோகிராமுக்கு தான் தம்பி. வேர்ட்ஸ்டார் 4 1987-ல வந்த 16 பிட் டாஸ் ப்ரோகிராம். 32 பிட் விண்டோஸ்ல என்டிவிடிஎம்னு ஒண்ணு உள்ள இருந்து அதுக்கு டாஸ் மாதிரி நடிச்சுக் காட்டும், அந்த நடிப்புக்கு ப்ராசஸர்ல ஒரு தனி மோடு வேணும், 64 பிட்ல ஓடும்போது அந்த மோடே கிடையாது. அதனால 64 பிட் விண்டோஸ் எதுலயும் என்டிவிடிஎம் வரல, 11-ல 32 பிட் வெர்ஷனே விடல. செட்டிங்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க.

டாஸ்பாக்ஸ்-எக்ஸ் இறக்குங்க, விண்டோஸுக்குள்ளயே பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற ப்ரோகிராம், இலவசம். முதல்ல வேர்ட்ஸ்டார் ஃபோல்டர் மொத்தத்தையும் பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டுட்டு அப்புறம் தொடுங்க. அந்த ஃபோல்டரை மவுண்ட் கமாண்ட் போட்டு சி டிரைவா காட்டினா சீனியருக்கு பழைய ஸ்க்ரீன் அப்படியே வந்துரும், கன்ட்ரோல் கே டி, கன்ட்ரோல் ஒய் எல்லாம் கை பழகினபடியே வேலை செய்யும். டாஸ்பாக்ஸ்-எக்ஸ் கான்ஃபிக்ல அவுட்புட்டை டிடிஎஃப்னு (விண்டோஸ் எழுத்துருல காட்டற முறை) வைங்க, எழுத்து பெருசா தெளிவா வரும், வயசானவங்க கண்ணுக்கு இது ரொம்ப முக்கியம். அதுலயே வேர்ட்ஸ்டாருக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, போல்டு அடிச்சது போல்டாவே தெரியும். புது ஃபைலுக்கு பேரு மட்டும் எட்டு எழுத்துக்குள்ள வைக்கச் சொல்லுங்க.

கணினிப்_பித்தன்:
ஓ 16 பிட்டா, சரி சரி. ஆனா இந்த காலத்துல எதுக்குங்க இதெல்லாம், வேர்டுக்கு மாறச் சொல்லலாமே?

டாஸ்_காலத்து_ஆள்:
நீங்க போய் சொல்லிப் பாருங்க 😄 கீபோர்டை விட்டு கை எடுக்காம டிராஃப்ட் அடிச்சுப் பழகினவங்கள மாத்தறது நடக்கிற காரியமில்ல, மாத்தணும்னு அவசியமும் இல்ல.

பைட்_பொறுக்கி:
ஃபைல் கெடல, கவலைப்படாதீங்க. பழைய வேர்ட்ஸ்டார் டாக்குமென்ட் மோடுல வரியை நிரப்பி அடிக்கும்போது வார்த்தையோட கடைசி எழுத்துல எட்டாவது பிட்டை ஏத்தி வச்சுரும், அதாவது அந்த எழுத்தோட எண்ணுல 128 கூடிரும், நோட்பேட் அதை வேற எழுத்துன்னு நினைச்சுக்குது. கூடின 128-ஐ கழிச்சா போதும், பைத்தான்ல நாலு வரி வேலை. ஆனா ஒரு விஷயம், கழிக்கறதுக்கு முன்னாடி 141, 10-ங்கற எண்கள் ஜோடியா வர்ற இடத்தையெல்லாம் ஒரு ஸ்பேஸா மாத்திடுங்க. அது வேர்ட்ஸ்டார் தானா மடிச்ச வரி. முதல்லயே கழிச்சா 141-உம் என்டருக்கான 13 ஆயிரும், அப்புறம் எது நீங்க என்டர் தட்டினது எது அதுவா மடிச்சதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, லீஸ் டீட்ல பாரா எங்க முடியுதுன்னு தெரியாம முழிக்க வேண்டியதுதான். ஃபைல் கடைசில வரிசையா 26 (ஃபைல் முடிஞ்சுதுன்னு காட்டற எண்) இருக்கும், அதை வெட்டிருங்க. புள்ளில ஆரம்பிக்கற வரி பக்க செட்டிங், புள்ளி பிஏ-ன்னா புதுப் பக்கம். காப்பி ஃபைல்ல மட்டும் இதைப் பண்ணுங்க.

ஜூனியர்_மேசை:
அண்ணே ஓப்பன் ஆயிருச்சு!! சீனியர் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, நேரா உக்காந்து அடிக்க ஆரம்பிச்சுட்டார். ஆனா ப்ரிண்ட் போகல, டாட் மேட்ரிக்ஸ் இப்ப யுஎஸ்பில தான் இருக்கு, கன்ட்ரோல் கே பி குடுத்தா சும்மா நிக்குது.

டாஸ்_காலத்து_ஆள்:
வேர்ட்ஸ்டார் எல்பிடி1-ஐ, அதாவது பழைய பேரலல் ப்ரிண்டர் போர்ட்டை தேடும், யுஎஸ்பினா என்னன்னே அதுக்குத் தெரியாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் கான்ஃபிக்ல பேரலல் பகுதில பேரலல்1-க்கு நேரா ஃபைல்னு போடுங்க, ப்ரிண்டருக்கு போக வேண்டியது அப்படியே ஒரு ஃபைலா விழும். ப்ரிண்டரை விண்டோஸ்ல ஷேர் பண்ணி வச்சு, காப்பி கமாண்ட்ல ஸ்லாஷ் பி போட்டு அந்த ஃபைலை ஷேர் பேருக்கு அனுப்புங்க. ஸ்லாஷ் பி விட்டுட்டா பாதில நின்னு போக வாய்ப்பிருக்கு. ஓடிச்சுன்னா அந்த கமாண்டை ஒரு பேட்ச் ஃபைலா (தட்டினாலே கமாண்ட் ஓடற ஃபைல்) எழுதி டெஸ்க்டாப்ல வைங்க. லேசர் ப்ரிண்டர் போதும்னா ஃபைலுக்கு பதிலா ப்ரிண்டர்னு போட்டு, ப்ரிண்டர் பகுதில ப்ரிண்ட்அவுட்புட்டையும் ப்ரிண்டர்னு வச்சா விண்டோஸ் ப்ரிண்டருக்கு போயிரும், ஆனா லீகல் சைஸ் பேப்பருக்கு அளவு நீங்களே செட் பண்ணணும், இல்லைன்னா அடியில வெட்டிரும்.

ஜூனியர்_மேசை:
டாட் மேட்ரிக்ஸ் தான் வேணுமாம். பேட்ச் ஃபைல் எழுதிட்டேன், ஒரு பக்கம் வந்துருச்சு, மார்ஜின் மட்டும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்கு.

பைட்_பொறுக்கி:
புள்ளி பிஓ (இடது ஓரத்துல விடற இடம்) போட்டு பக்கத்துல ஒரு நம்பர் குடுங்க, ஃபைலோட முதல் வரில. 8-ல ஆரம்பிச்சு ஏத்திப் பாருங்க.