பள்ளிச் சுவர் 42 அடி. மெக்சிகோ சுவரோவியம் மாதிரி ஏதாவது செய்யலாமா?

ஓவிய வாத்தியார் கேட்டது:

வணக்கம். காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற வழியில் ஒரு சின்ன அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வாரத்துக்கு மூன்று அரைநாள். பள்ளியின் ரோட்டோரச் சுற்றுச்சுவர் 42 அடி நீளம், 7 அடி உயரம். சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பெயிண்டுக்கு 30,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மரம், மயில், அப்துல் கலாம். மூணும் வந்துட்டாப் போதும் சார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செல்போனில் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவின் படம் ஒன்றைக் காட்டித் தொலைத்தேன். மெக்சிகோ நகரில் கல்வி அமைச்சகக் கட்டடத்தின் சுவரில் 1923இல் வரைந்தது. 'கிராமத்து ஆசிரியை' என்று பெயர். வெட்டவெளியில் ஓர் ஆசிரியை தரையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் புத்தகம். சுற்றிலும் வட்டமாகச் சின்னது, பெரிசு, கிழம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் ஏர் ஓடுகிறது. பக்கத்தில் குதிரைமேல் ஒருவன் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சருக்கு எதுக்கு சார் துப்பாக்கிக் காவல்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புரட்சி, அது இது என்று சமாளித்தேன். அவள் அம்மா ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். அடுத்த கேள்வி உடனே வந்தது. "எங்கம்மா கண்ணாடி மேல கலர் ஊத்துறத நம்ம சுவத்துல வரையலாமா சார்?" அன்றிலிருந்து எனக்கு மயிலைக் கண்டாலே பிடிக்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மெக்சிகோக்காரர்கள் சுவரில் அரசியல் பேசினார்கள் என்கிறோமே, அதற்குச் சுவரும் சம்பளமும் கொடுத்ததே அரசாங்கம்தானே, அப்புறம் அது எப்படி? அப்புறம் அந்தக் குதிரைக்காரன் யார்? சிமெண்ட் பூசிய சுவரில் எந்தப் பெயிண்ட் நிற்கும்?

பழைய பிரஷ் (காரைக்குடி) எழுதியது:

சார், நான் 1978லிருந்து இந்தப் பக்கத்துச் சுவர்களில் எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்தது, பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். தேர்தல் நேரத்தில் காலையில் உதயசூரியன், மத்தியானம் இரட்டை இலை, அந்தி சாய்ந்தால் கை. நீ எந்தக் கட்சி என்று கேட்பார்கள். சதுர அடிக் கட்சி என்பேன்.

உங்கள் ரிவேராவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆளை இல்லை, சுவரை. மகள் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மருமகன் டெட்ராய்ட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். நடுக்கூடத்தின் நாலு சுவரிலும் 27 படம், 1932, 33இல் வரைந்தது. முழுக்க ஃபோர்டு கார் ஆலை. பெரிய சுவர் ஒன்றில் இன்ஜின் செய்கிறார்கள், எதிர்ச்சுவரில் காரின் மேற்கூடு. மற்றவர்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டு போனார்கள், நான் ஆட்களின் முதுகைப் பார்த்தேன். கீழே குனிந்து இழுக்கிறவன், எதிரே சாய்ந்து தள்ளுகிறவன், அந்த வளைவு பக்கத்து ஆளுக்குப் போய் அடுத்த ஆளுக்குப் போகிறது. தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்திருக்கிறவர்களின் முதுகைப் பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அதே வளைவு. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தி இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள்.

தொப்பி போட்ட மேஸ்திரி ஒருவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். கீழ் மூலையில் கோட்டு சூட்டோடு இரண்டு பேர். ஒருவர் பணம் கொடுத்த எட்செல் ஃபோர்டு, இன்னொருவர் அருங்காட்சியக இயக்குநர். நம்ம கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற மாதிரிதான். முதலில் பேசிய கூலி சதுர கெஜத்துக்கு 100 டாலர் என்று மருமகன் படித்துச் சொன்னார். அங்கேயும் சதுரக் கணக்குதான் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு ஆறுதல்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. 1932 மார்ச் 7ஆம் தேதி, வேலை போனவர்கள் அதே ஃபோர்டு ஆலைக்கு ஊர்வலமாகப் போனார்கள். போலீசும் ஆலைக் காவலாட்களும் சுட்டார்கள். நாலு பேர் செத்தார்கள், காயம்பட்ட இன்னொருவர் பிற்பாடு போனார். ரிவேரா அந்த ஊரில் வந்து இறங்கியது ஏப்ரலில். சுவரில் அது இல்லை. முதலாளி காசில் வரைந்தால் முதுகை வரையலாம், முதுகில் பாய்ந்த குண்டை வரைய முடியாது. இது ரிவேராவைக் குறை சொல்வதற்காக இல்லை. நானும் வாங்கிய காசுக்கு இலையைப் பச்சையாக்கியவன்தான்.

அடுத்த வருஷமே நியூயார்க்கில் அதே மனுஷன் முரண்டு பிடித்தார். பெரும் பணக்காரர் ராக்பெல்லரின் கட்டடத்து முகப்புக் கூடத்தில் லெனின் முகத்தைச் சேர்த்துவிட்டார். மாற்று என்றார்கள். வேண்டுமானால் எதிர்ப்பக்கம் லிங்கனைப் போட்டுத் தருகிறேன், இதை எடுக்க மாட்டேன் என்றார். பேசிய 21,000 டாலரையும் கையில் கொடுத்து இறங்கச் சொல்லிவிட்டு, படத்தைத் துணிபோட்டு மூடி, 1934 பிப்ரவரியில் கொத்தி எடுத்துவிட்டார்கள். அவர் மெக்சிகோவுக்குப் போய் நுண்கலை அரண்மனையில் அதையே திரும்ப வரைந்தார். இந்தத் தடவை ராக்பெல்லரை மதுக் கோப்பையோடு உட்கார வைத்தார். சுவர் கைமாறினால் பிரஷ் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

உங்கள் மரம் மயிலுக்கும் அங்கே ஒரு கதை உண்டு. 1932இல் சிகெய்ரோஸ் என்ற இன்னொரு மெக்சிகோ ஓவியரிடம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒல்வேரா தெருவில் எண்பது அடிச் சுவரைக் கொடுத்து 'வெப்பமண்டல அமெரிக்கா' என்று தலைப்பும் கொடுத்தார்கள். பழமும் கிளியுமாகக் காடு வரும் என்று நினைத்தார்கள். காடு வந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி எல்லாரையும் அனுப்பிவிட்டு, நடுவில் சிலுவையில் அறைந்த ஒரு பூர்வகுடி ஆளை வரைந்தார், அவன் தலைக்கு மேலே அமெரிக்கக் கழுகு. சீக்கிரமே வெள்ளையடித்துவிட்டார்கள். 1960களின் கடைசியில் வெள்ளை உரிந்து உள்ளே இருந்த உருவம் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. 2012இல் மறுபடி ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வெள்ளைக்குக் கீழே இருப்பது தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தேர்தல் தேதி அறிவித்ததும் நம்ம சின்னங்களின் மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். வஜ்ரப் பசை குறைவாகக் கலந்த வெள்ளை, இரண்டு மழை தாங்காது. சூரியனின் கதிர்தான் முதலில் வெளியே வரும், அதற்கு நான் போட்ட சிவப்பு அப்படி.

ஆகவே சார், பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் அந்தச் சுவரில் என்ன வரலாம் என்று கைப்பட எழுதி வாங்குங்கள். 'பள்ளியைச் சுற்றியுள்ள தொழில்கள்' என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள். கண்ணாடி மேல் கலர் ஊற்றுகிற அம்மா அதற்குள் வந்துவிடுவார்.

கொத்தனார் பேரன் எழுதியது:

பெயிண்ட் கேள்விக்கு மட்டும் பதில். பழைய வீடுகளைச் செப்பனிடுகிற வேலையில் இருக்கிறேன்.

ரிவேரா வரைந்தது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல். கொத்தனார் ராத்திரியே அன்றைக்கு வரையக்கூடிய அளவு மட்டும் பூசிவைப்பார், விடிந்ததும் ஓவியர் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டுவார். சுண்ணாம்பு காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகிறது. நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. பசையே வேண்டாம். காய்ந்துவிட்டால் ஒட்டாது, தப்பாகப் போட்டால் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதனால் கொத்தனார் தூங்கினால் ஓவியருக்கு அன்று வேலை இல்லை.

ஆரம்பத்தில் அவர்கள் சப்பாத்திக் கள்ளியின் சாற்றை நிறத்தோடு கலந்து பார்த்தார்கள். பழைய அஸ்டெக் ரகசியம் என்று பத்திரிகையில் பெருமையாக எழுதினார்கள். சாறு புளித்துக் கறை விட்டது, கைவிட்டார்கள். எங்கள் தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் கடுக்காய்த் தண்ணீரில் ஊறின சுண்ணாம்பை வெண்ணெயாய் அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்ப்பார். அந்தச் சுவரில் இன்றும் முகம் தெரிகிறது. ஆனால் எந்தப் பொருள் எவ்வளவு நாள் ஊறணும் என்பது அவர் கையில் இருந்தது, அது பத்திரிகையில் வராது.

உங்களது சிமெண்ட் சுவர். இந்த வித்தையெல்லாம் வேண்டாம். கீழே ஒன்றரை அடிக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கும், அதில் படம் வேண்டாம், அடர்த்தியான ஒரே நிறம் போதும். மேலே பழையதைச் சுரண்டி, பிரைமர் ஒரு கோட், வெளிச்சுவர் எமல்ஷன். காவி, மஞ்சள் மண், கருப்பு வெயிலுக்கு நிற்கும். பளிச்சென்ற ரோஸ் இரண்டு சித்திரையில் வெளிறிவிடும்.

கானாடுகாத்தான் மருமகள் எழுதியது:

குதிரைக்காரனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவன் புரட்சிப் படை வீரன். 1910இல் தொடங்கிப் பத்து வருஷம் நடந்த சண்டை. அது முடிந்தபோது ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1921இல் கல்வி அமைச்சரான வாஸ்கொன்செலோஸ்தான் ஒரு பக்கம் கிராமங்களுக்கு ஆசிரியர்களை அனுப்பினார், இன்னொரு பக்கம் ஓவியர்களுக்குச் சுவரைத் திறந்துவிட்டார். நிலத்தைப் பங்குபோடச் சொன்ன அரசின் ஆட்களாகவும், கிறிஸ்தவ தேவாலயத்தின் பிடியிலிருந்து படிப்பைப் பிரிக்க வந்தவர்களாகவும் பார்க்கப்பட்டதால், அந்த ஆசிரியர்கள்மேல் பலருக்குக் கோபம். 1930களில் ஆசிரியர்களைக் கொன்றார்கள், காதை அறுத்தார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லலாம். எட்டாவது படிக்கிறவளுக்குத் தாங்கும்.

அரோரா ரெயஸ் என்ற ஆசிரியை 1936இல் மெக்சிகோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இதை வரைந்தார். ஆசிரியையின் தலைமயிரைப் பிடித்து ஒருவன் இழுக்கிறான், இன்னொருவன் துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடிக்கிறான், ஓரத்தில் பிள்ளைகள் ஒளிந்து பார்க்கிறார்கள். மெக்சிகோவில் சுவரோவியம் வரைந்த முதல் பெண் அவர்தான் என்பார்கள். ரிவேரா வரைந்த டீச்சர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். டீச்சராக இருந்த ஒருத்தி வரைந்தபோது டீச்சர் அடிவாங்குகிறார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய படம்.

பழைய பிரஷ் அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. சுவரின் சொந்தக்காரன் மட்டும் எதிரி இல்லை. 1924இல் மெக்சிகோ நகரில், கல்லூரிக்கு முந்தைய படிப்புக்கான தயாரிப்புப் பள்ளியில், ஒரோஸ்கோ என்ற ஓவியரும் சிகெய்ரோசும் வரைந்ததைச் சிதைத்தது அங்கே படித்த மாணவர்கள். 'வசதியான வீட்டுக்குள் தொங்குகிற படம் வேண்டாம், எல்லாரும் பார்க்கிற சுவர் வேண்டும்' என்று சங்கம் வைத்து அறிக்கை விட்ட ஓவியர்களுக்கு, பார்க்கிறவன் கல்லெறிவான் என்பதும் அதில் சேர்த்தி என்று அப்போதுதான் உறைத்திருக்கும்.

எங்கள் வீட்டு முகப்பில் கஜலட்சுமி இருக்கிறாள், இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். சுதையில் செய்து வர்ணம் தீட்டியது. வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். வீடு கட்டிய கொத்தனார் ஒருவர்கூட எங்கும் இல்லை. 1931இல் ரிவேரா சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கலைப்பள்ளிச் சுவரில் சாரத்தையே வரைந்து, அதில் பூசுகிறவர்கள், அளக்கிறவர்கள் நடுவே தானும் பார்ப்பவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி போட்டார். அவர் பின்புறம் தெரிகிறதென்று சிலருக்குக் கோபம் வந்தது. வாத்தியார், உங்கள் சுவரிலும் ஒரு சாரம் வரையுங்களேன், பிள்ளைகள் ஏறி நிற்கிற மாதிரி.

ஓவிய வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன ஆசிரியை படத்தைத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது வேண்டாம் சார்" என்றார். கொஞ்சம் கழித்து, "தரையில உக்காந்து பாடம் சொல்ற படம் ஒண்ணு காட்டினீங்களாமே, அது வரட்டும், துப்பாக்கி இல்லாம" என்றார். துப்பாக்கியை எடுத்துவிட்டால் குதிரை எதற்கு நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். யோசிக்கிறேன்.

'பள்ளியைச் சுற்றியுள்ள தொழில்கள்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. கல் பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் அம்மாவின் கையை மட்டும் ஏழு தடவை வரைந்து வைத்திருக்கிறாள். பித்தளை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் நிறத்தை ஊற்றும்போது கட்டைவிரல் எப்படித் திரும்புகிறது என்பதை இவ்வளவு நாள் பார்த்ததில்லை என்றாள். மயில் ஒரு மூலையில் இருக்கும், அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். கலாம் இன்னும் பேச்சுவார்த்தையில்.

பழைய பிரஷ் அண்ணே, பிள்ளைகள் நோட்டில் வரைந்ததை 7 அடிக்குப் பெரிதாக்குவதுதான் பயமாக இருக்கிறது. புரொஜெக்டர் இல்லை.

பழைய பிரஷ் எழுதியது:

புரொஜெக்டர் எதற்கு சார்? நோட்டில் அரை இஞ்சுக் கட்டம், சுவரில் ஒரு அடிக் கட்டம். நூலில் நீலத்தைத் தோய்த்துச் சுண்டினால் கோடு நேராக விழும். ஒரு கட்டத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கையை அந்தப் பெண்ணிடமே கொடுங்கள், எனக்குக் கைவிரல் எப்போதும் வராது, கை சின்னத்திலேயே கெட்ட பெயர் வாங்கியவன்.

சாரத்துக்குக் கம்பு வாடகைக்கு எடுக்க வேண்டாம், என்னிடம் பழைய ஏணி இரண்டு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். சுவர் மேற்கு பார்த்ததா, கிழக்கு பார்த்ததா? மேற்கு என்றால் காலையில் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும்.