கைக்காசு போட்டு மாட்டுக்கறியை டெஸ்ட் பண்ணக்கூட அனுமதி இல்லையா?

பின்னலாடை பெரியசாமி

வாங்குகிறவன் கேட்கிறான், விற்கிறவன் செய்து தரத் தயார். நடுவில் அரசாங்கம் வந்து "டெஸ்ட் பண்ணாதே" என்று தடுக்குமா? அமெரிக்காவில் தடுத்தார்கள்.

2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்கு மேட் கவ் நோய் (மாட்டின் மூளையை அழிப்பது, கறி வழியாக மனிதனுக்கும் வரக்கூடியது) என்று செய்தி வந்ததும் ஜப்பானும் கொரியாவும் அமெரிக்க மாட்டுக்கறிக்குக் கதவைச் சாத்திவிட்டன. ஜப்பான் 2001இலிருந்து தன் ஊரில் வெட்டுகிற மாடு ஒவ்வொன்றையும் சோதித்துவந்த நாடு. நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்றது. கான்சாஸில் கிரீக்ஸ்டோன் ஃபார்ம்ஸ் என்ற கம்பெனி, மாட்டுக்குச் சுமார் 20 டாலர் ஆகும், எல்லா மாட்டையும் நானே சோதித்துக்கொள்கிறேன் என்று 2004இல் அனுமதி கேட்டது. வேளாண் துறை மறுத்துவிட்டது. கம்பெனி 2006இல் வழக்குப் போட்டு 2007இல் ஜெயித்தது. 2008 மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. வேளாண் துறை காட்டிய சட்டம் எது தெரியுமா? கால்நடைகளுக்குப் போலி மருந்து விற்பவர்களை அடக்க 1913இல் போட்டது!

90களில் ஜெர்மனி, புற்றுநோய் ஆபத்து என்று சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டபோது திருப்பூரில் நாங்கள் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. துணியை லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட்டை இன்வாய்ஸோடு பின் அடித்து அனுப்பினோம். பையர் சொல்வது சரியா தப்பா என்பது பையர் பாடு.

கோழிப்பண்ணை டாக்டர்

பெரியசாமி அண்ணே, சாயம் துணியில் இருந்தால் டெஸ்ட்டில் தெரியும். இது அப்படி இல்லை. அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் வாதம் உட்காரப்போகிறது.

மாட்டை வெட்டிய பிறகு, தலையைக் கவிழ்த்து, கழுத்து சேரும் துவாரத்தில் நீளக் கரண்டியை விட்டு மூளைத்தண்டில் ஒரு துண்டு எடுப்பார்கள். முடிவு வரும்வரை உடல் குளிர் அறையில் தொங்கும். அந்தத் துண்டில் நோய்ப் புரதம் சேர்ந்திருந்தால்தான் டெஸ்ட் பிடிக்கும். தொற்று ஏறி நோய் வெளியே தெரிய நாலைந்து வருடம் ஆகும். அமெரிக்காவில் கறிக்கு வளர்க்கும் மாட்டில் பெரும்பகுதி இரண்டு வயதுக்குள் வெட்டுக்குப் போய்விடும். ஆக, எல்லா ரிப்போர்ட்டிலும் "இல்லை" என்றுதான் வரும். அதை லேபிளில் அச்சடித்தால் சாப்பிடுகிறவனுக்கு என்ன பாதுகாப்பு?

காப்பாற்றுவது வேறு இரண்டு வேலை. மாட்டுத் தீவனத்தில் மாட்டெலும்புத் தூளைக் கலக்காமல் இருப்பது (1997இலேயே தடை), வெட்டும்போது மூளையையும் தண்டுவடத்தையும் அகற்றுவது.

பின்னலாடை பெரியசாமி

சரிங்க டாக்டர். ஆனால் 2003 கடைசியில் ஜப்பானில் 23 மாத மாட்டிலும் 21 மாத மாட்டிலும் நோய் கண்டுபிடித்தார்களே? டெஸ்ட் எடுத்ததால்தானே தெரிந்தது?

பாதுகாப்பை விடுங்கள், வியாபாரத்துக்கு வாருங்கள். மாட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நாடு இருக்கிறது. நாக்கை அமெரிக்கன் அவ்வளவாகத் தொடமாட்டான், ஜப்பானில் அது விலை போகும். கொழுப்பு ஓடிய வயிற்றுப் பக்கக் கறியைச் சீவி, வெங்காயத்தோடு கொதிக்கவைத்து, சோற்றின்மேல் போடுவது அவர்கள் ஊர்த் தினப்படிச் சாப்பாடு. தானியம் தின்ற அமெரிக்க மாட்டின் கறிதான் அதற்கு வாகு. யோஷினோயா என்ற பெரிய ஓட்டல் சங்கிலி, கறி தீர்ந்துபோய் 2004 பிப்ரவரியில் அந்தச் சோற்றையே நிறுத்திப் பன்றிக்கறிக்கு மாறியது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் புல் மேய்ந்த மாடு. ருசி சேரவில்லை என்றார்கள். ஆனாலும் காலியான சந்தையில் பெரும்பகுதியைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். இருபது டாலரை மிச்சம் பிடித்து யாருக்கு லாபம் பண்ணிக்கொடுத்தார்கள், பார்த்தீர்களா?

வெட்டிப்பேச்சு

பசுவைக் கும்பிடுகிற நாட்டில் இருந்துகொண்டு மாட்டுக்கறி ஏற்றுமதிக்கு இவ்வளவு கவலையா 😀

பின்னலாடை பெரியசாமி

தம்பி, இந்தியா உலகத்தின் பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. போவது எல்லாம் எருமை. பசுக்கறிக்கு ஏற்றுமதித் தடை இருக்கிறது. எலும்பை எடுத்து உறையவைத்து வியட்நாம், மலேசியா, எகிப்து என்று போகிறது. வேறு ஏதாவது?

கால்கரிக் குளிர்

அந்த வாஷிங்டன் பசு பிறந்தது இங்கே கனடாவின் ஆல்பர்ட்டாவில்தான். அதற்கு ஏழு மாதம் முன்பே, 2003 மே 20, இங்கே ஒரேயொரு மாட்டில் நோய் உறுதியானது. அன்றே அமெரிக்கா எல்லையைப் பூட்டியது. எலும்பில்லாத இளமாட்டு இறைச்சி அந்த வருடமே போகத் தொடங்கினாலும், உயிர்மாடு போக 2005 ஜூலை ஆனது. அந்த மார்ச்சில் திறக்க இருந்ததை மொன்டானாவில் ஒரு நீதிபதி நிறுத்திவைத்தார். வழக்குப் போட்டது அமெரிக்கப் பண்ணையாளர் சங்கம் ஒன்று. அவர்களுக்கு உண்மையான பயம் நோயா, எங்கட மாட்டின் விலையா?

நான் அப்போது ஓர் இறைச்சி ஆலையில் இரவு வேலை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு சின்னப் பண்ணையாளர். பால் வற்றிய கிழட்டுப் பசு நாலை ஏலத்துக்குக் கொண்டுபோய், கிடைத்த காசு லொறிக் கூலிக்கே காணாமல் வந்தார். "சுட்டுப் புதைத்துவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும்" என்று மாகாண முதல்வர் ரால்ஃப் கிளைன் பேசியதும் அந்த 2003இல்தான். பண்ணையில் மாடு மலிந்தது, கடையில் ஸ்டேக் மலியவில்லை. நடுவில் இருந்தவர்கள் என்ன சம்பாதித்தார்கள் என்று பாராளுமன்றக் குழு 2004இல் கணக்குக் கேட்டபோது ஆலைகள் காட்ட மறுத்தன.

டொக்டரின் விஞ்ஞானம் சரி. ஆனால் எல்லையைப் பூட்டும்போது ஒருத்தரும் விஞ்ஞானத்தைக் கேட்கவில்லை.

கோழிப்பண்ணை டாக்டர்

அதைத்தான் நானும் சொல்கிறேன். வடக்கே எங்கேயோ பறவைக் காய்ச்சல் வரும், வளைகுடாவில் நாமக்கல் முட்டைக்கும் சேர்த்துத் தடை விழும். எங்கள் பண்ணையில் ஒரு கோழிகூடத் தும்மியிருக்காது. இங்கேயிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று மேப்பைக் காட்டி மன்றாடுவதுதான் எங்கள் பிழைப்பு. அப்போது கைகொடுப்பது உலக விலங்கு நல அமைப்பின் விதி ஒன்றுதான். பையர் பயந்தால் போதும், விதி வேண்டாம் என்றால் நாளைக்கு எதை வைத்துப் பேசுவது? ஒரு கம்பெனி "சோதித்த கறி" என்று போட்டால் மற்றவன் கறி தானாகச் சந்தேகக் கறி ஆகிவிடும்.

இன்னொன்று. 2005 டிசம்பரில் ஜப்பான் 20 மாதத்துக்கு உட்பட்ட மாட்டுக்குக் கதவைத் திறந்தது. எல்லா மாட்டையும் சோதி என்ற நிபந்தனை இல்லாமல்தான். ஒரே மாதத்தில் நரீதா விமான நிலையத்தில் ஒரு பெட்டியில், அனுப்பக் கூடாத முதுகெலும்பு கிடந்தது. மறுபடி பூட்டு, ஜூலை வரை. மாட்டுக்கு மாடு டெஸ்ட் எடுத்திருந்தாலும் அந்தப் பெட்டி பிடிபட்டிருக்கும். வயது வரம்பு 2013இல் 30 மாதமாகி 2019இல் போயே போய்விட்டது. ஜப்பானே ஆரோக்கியமான மாட்டைச் சோதிப்பதை 2017இல் நிறுத்திவிட்டது.

பின்னலாடை பெரியசாமி

முதுகெலும்பு அனுப்பாதே என்று எழுதிக்கொடுத்த பிறகு அதையே அனுப்புகிறவனை என்ன சொல்வது! பேக்கிங் லிஸ்ட்டைச் சரிபார்க்க ஆள் இல்லையா?

ஆனால் அமெரிக்காவின் இரட்டை நாக்கைப் பாருங்கள். டெஸ்ட் என்றால் ஜனங்கள் குழம்புவார்கள் என்றார்கள். ஆனால் மாடு எங்கே பிறந்தது என்று பாக்கெட்டில் போட 2008இல் கட்டாய லேபிள் கொண்டுவந்தார்கள். அப்போது மட்டும் தெரிந்துகொள்ளும் உரிமை.

கால்கரிக் குளிர்

அந்த லேபிளால் பட்டது நாங்கள். கனடாவில் பிறந்த மாட்டைத் தனியாகப் பட்டியில் அடைத்து, தனியாக வெட்ட வேண்டும். அந்தச் செலவை எங்கட மாட்டின் விலையில் கழித்தார்கள். கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2015இல் ஜெயித்தன. கனடா மட்டும் வருடத்துக்குச் சுமார் 105 கோடி கனடிய டொலருக்குப் பதில் வரி போடலாம் என்று தீர்ப்பு வந்ததும், அதே டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் லேபிளைக் கைவிட்டது. டெஸ்ட்டோ லேபிளோ, கேட்கிறவர் யார் என்று முதலில் பாருங்கோ அண்ணை.

கோழிப்பண்ணை டாக்டர்

லேபிள் விஷயத்தில் பெரியசாமி அண்ணன் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். டெஸ்ட் விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பின்னலாடை பெரியசாமி

ஒப்புக்கொள்ள வேண்டாம் டாக்டர். அந்த 21 மாத மாட்டுக்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் ராத்திரி வந்து பார்க்கிறேன், ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பணும், லேப் ரிப்போர்ட் இன்னும் வந்து சேரவில்லை.