போனுக்கு வரைந்த கதையைப் புத்தகமாக்குவது எப்படி?
அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அம்மம்மா சொன்ன இரணைமடுக் குளத்துக் கதையை, போனில் கீழே தள்ளித் தள்ளி வாசிக்கிற சித்திரக்கதையாக 800 பிக்சல் அகலத்தில் வரைந்தேன். குளத்தின் வான்கதவு (நிரம்பின தண்ணீரை வெளியே விடுகிற கதவு) திறக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் வெறும் நீலம்தான் வரும், பிறகுதான் தண்ணீர். அந்தத் திகைப்புத்தான் கதையே.

இப்போது பள்ளிக்கூட நூலகத்துக்கு ஏ5 (ஏ4 தாளில் பாதி) அளவுப் புத்தகமாகக் கேட்கிறார்கள். அச்சுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 800 பிக்சல் ஏழு சென்டிமீட்டர்கூட வராது. பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்குகிறது. வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோடுகளாக) மாற்றினால் சரிவருமா, இல்லை முழுக்கத் திரும்ப வரைய வேண்டுமா? அந்த நீலத்தைப் பக்கம் புரட்டுவதில் எப்படிக் கொண்டுவருவது?

அப்புறம், வரைகிற செயலியில் 'கொ' என்று அடித்தால் கொம்பு தனியே கழன்று நிற்கிறது. பேச்சுப் பலூனுக்குள் எழுத்தை நீங்கள் எதில் போடுகிறீர்கள்? 50 பிரதி மட்டும் அடித்துத் தருகிற அச்சகம் வன்னிக்குள் இருந்தாலும் சொல்லுங்கோ.