பந்துல பார்ப் மீன் திருகோணமலையில எங்கயும் கிடைக்குமா?

உப்புவெளி பொடியன்:
அண்ணேமார், யூடியூப்ல பாத்தன், சிவப்பா ரெண்டு கறுப்புப் பொட்டோட சின்ன மீன், இலங்கையில மட்டும்தான் இருக்காம். டாங்குக்கு ஒரு சோடி வேணும். டவுன் கடையில கேட்டா முழிக்கிறாங்க.

கடல்முகம்:
தம்பி அத விடுங்கோ. அது கேகாலை மாவட்டம் கலபிட்டமட பக்கம் வயலுக்கும் றப்பர் தோட்டத்துக்கும் நடுவால ஓடுற ஒரு சின்ன ஓடையிலதான் இயற்கையா இருக்கு, வேற எங்கயும் இல்ல. 1991லதான் புது இனமெண்டு விவரிச்சு பேர் வச்சவங்க. ஐயுசிஎன் எண்ட உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின்ட சிவப்புப் பட்டியல்ல மிக மோசமான ஆபத்து நிலை. பிடிக்கிறதே சட்டப்படி குற்றம், ஏற்றுமதிய விடுங்கோ.

உப்புவெளி பொடியன்:
அப்ப கொஞ்சத்தக் கொண்டுவந்து கந்தளாய்க் குளத்துல விட்டா பெருகாதா?

மூதூர் மாமா:
என்ன மகன் கதைக்கிறாய், அது ஈரவலயத்து நிழல் ஓடை மீன், எங்கட குளம் ஆடி மாசத்துல கிடக்கிற கிடைக்கு அது எங்க தாங்கும், அதுக்குள்ள 1952ல நாட்டுக்குக் கொண்டுவந்த திலாப்பியா வேற நிறைஞ்சு கிடக்கு.

கடல்முகம்:
மாமா சொல்றது சரி. அந்த ஓடை காப்புக்காட்டுக்குள்ளயும் இல்ல, வயலுக்கு அடிக்கிற மருந்து நேரா தண்ணியிலதான் இறங்கும். ஒரே ஒரு ஓடை எண்டதால ஒருக்கா பிழைச்சா இனமே முடிஞ்சுது, அதுதான் என்ட பெரிய பயம். சிவப்பு மீன்தான் ஆசையெண்டா பிளாக் ரூபி பார்ப் வாங்குங்கோ, அதுவும் எங்கட நாட்டு மீன்தான், ஆனா தொட்டியில வளத்துப் பெருக்கினது எண்டு கேட்டு வாங்குங்கோ.