மறு: மறு: வியாழனுக்குள் மூன்று சொல் வேண்டும்

திங்கள், இரவு 9.40
அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மலேசியாவில், எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு மருத்துவ விளக்கக் கூட்டம். வருகிறவர்கள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவர்கள். லாரி ஓட்டுகிறவர்கள், இரவுக் காவல் வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயைப் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை. மலாயில் இருக்கிறது, தமிழ் என் தலையில் விழுந்தது. 500 படி. வியாழன் மாலை 5 மணிக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

முதல் சிக்கல் ஸ்லீப் அப்னியா. நாளிதழ்களில் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று எழுதுகிறார்கள். திணறல் என்றதும் நம் ஆட்கள் ஆஸ்துமாவை நினைக்கிறார்கள். திணறுகிறவனுக்குத் தான் திணறுவது தெரியும். இந்த நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது, குறைந்தது 10 விநாடி காற்று நிற்கிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, மறுபடி குறட்டை. நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து எண்ணினால் மணிக்கு 5-க்குள் கவலை இல்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இரண்டாவது, சீப்பேப் கருவி, இந்த நோயாளிகள் தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்துவது. மூன்றாவது, தூக்கத்தைக் கணக்கெடுக்கும் வாட்ச், மோதிரம் வகையறா. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். ஏன் என்று நாளை எழுதுகிறேன், இப்போது இரவு ஷிப்ட்.

---

திங்கள், இரவு 11.55
அனுப்புநர்: தலைமையாசிரியர் (ஓய்வு), கோலகங்சார்

அன்புள்ள அம்மா, நல்ல பணி. முதலில் தூக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். அது தீராமல் மூச்சுக்குப் போக முடியாது.

தூங்குதல் என்றால் பழந்தமிழில் தொங்குதல், அசைதல். தூக்கணாங்குருவி தூங்கும் குருவி அல்ல, தொங்கும் கூடு கட்டும் குருவி. சோழன் ஒருவன் அழித்த 'தூங்கெயில்' உறங்கிய கோட்டை அல்ல, வானில் தொங்கிய கோட்டை. தொட்டிலில் ஆடியபடி குழந்தை உறங்கியதால் தூக்கம் உறக்கமாயிற்று என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம். துஞ்சுதல் அழகான சொல். ஆனால் புறநானூற்றில் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' அங்கே படுத்து எழுந்தவன் அல்ல, இறந்தவன். ஆகையால் நோயாளிக்கு ஆகாது. மிச்சம் துயில், உறக்கம்.

அப்னியா கிரேக்கம், அ என்றால் இல்லை, பின்னது மூச்சு. ஆக 'துயில்மூச்சின்மை'. மூச்சை நிறுத்துவது நமக்குப் புதிதா? திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, நிறுத்தும் கும்பகத்துக்கு 64, விடும் இரேசகத்துக்கு 32 என்று கால அளவாக மாத்திரைக் கணக்கே கொடுத்திருக்கிறார். 'தன்னறியாக் கும்பகம்' என்றும் சொல்லிப் பார்த்தேன். துண்டறிக்கையின் தலைப்பில் 'உறங்குவது போலும் சாக்காடு' என்ற நிலையாமை அதிகாரத்துக் குறளைப் போடலாம்.

மற்ற இரண்டும் நாளை.

---

செவ்வாய், காலை 6.10
அனுப்புநர்: சென்னை

கும்பகம் வடசொல். மூச்சு அறுபடுவதால் 'மூச்சறல்'. மூன்றே எழுத்தில் முடியும் சொல் இருக்க, வால் நீண்ட தொடர் எதற்கு? விநாடி என்பதை நொடி என்று திருத்துக. ஊர்ப் பெயரையும் தமிழாக்கலாம். மலாயில் சுங்கை ஆறு, சிப்புட் நத்தை என்று அறிகிறேன். நத்தையாறு.

---

செவ்வாய், காலை 6.25
அனுப்புநர்: பினாங்கு

மூச்சறல் ஐந்து எழுத்து, ஐயா.

---

செவ்வாய், காலை 7.30
அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிறேன். மூச்சு அறுந்துவிட்டது என்றால் இங்கே சங்கு ஊதுவார்கள். மூச்சின்மை என்றாலும் அதே கதை. அந்தக் குறளைப் போட்டால் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், ஐயா மன்னிக்க வேண்டும். நத்தையாறு என்று எழுதினால் தபால் வராது.

மூன்றாவது சொல் ஏன் முக்கியம் என்றால், மகன் வாங்கிக் கொடுத்த வாட்சைக் கட்டிக்கொண்டு, காலையில் அது நல்ல மதிப்பெண் கொடுத்தால் சீப்பேப்பைப் பெட்டியில் கட்டிவைத்துவிடுகிறார்கள். வாட்ச் மூச்சை அளக்கிறது என்று நம்புகிறார்கள். நாம் வைக்கும் பெயர் அந்த நம்பிக்கையை வளர்க்கக் கூடாது. வாட்சே வேண்டாம் என்று எழுதவும் எனக்கு மனமில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உபயோகம் உண்டு.

---

செவ்வாய், மதியம் 1.15
அனுப்புநர்: பினாங்கு

உணரிகள் (சென்சார்) பக்கம் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். வாட்சுக்குத் தெரிவது கை அசைவு, தோலில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் நாடித்துடிப்பு, சிலவற்றில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு. மூக்கில் காற்று போகிறதா என்பது நேராகத் தெரியாது. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று அது பிரிப்பதெல்லாம் மூளை அலையைப் பார்த்து அல்ல, இவற்றை வைத்துப் போடும் கணக்கு. விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளும். 2024இல் ஆப்பிள், சாம்சங் இரண்டின் வாட்சுகளிலும் அப்னியா அறிகுறியைச் சுட்டும் வசதிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது சந்தேகத்தைக் கிளப்புவதற்கு. ஆப்பிளின் குறிப்பிலேயே, நோய் உறுதியானவர்களுக்கு இது அல்ல என்று இருக்கிறது.

ஆகவே மானி, அளவி என்று பெயர் வைப்பதெல்லாம் பொய். நேர்மையாகச் சொன்னால் அது ஓர் 'ஊகி'.

---

செவ்வாய், மதியம் 2.40
அனுப்புநர்: தலைமையாசிரியர் (ஓய்வு), கோலகங்சார்

தம்பி, ஊகம் என்பது தொல்காப்பிய மரபியலில் குரங்கினம். கையில் குரங்கைக் கட்டிக்கொண்டு யாருக்குத் தூக்கம் வரும்?

சொல் தயாராகவே இருக்கிறது: 'துயில்கண்காணி'. கண்ணால் காண்பது கண்காணி. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்த்தவன் கண்காணி. கண்காணி இல்லை என்று நினைத்துக் கள்ளம் செய்கிறவர்களுக்கு, கண்காணி இல்லாத இடமே இல்லை என்றார் திருமூலர். அங்கே கண்காணி இறைவன். நாம் உறங்க, அது உறங்காமல் பார்க்கிறது. இதைவிடப் பொருத்தம் ஏது?

---

செவ்வாய், இரவு 8.05
அனுப்புநர்: லாரிக்காரர், சுங்கை சிப்புட்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். மிஸ்ஸி, அதாவது எங்கள் தாதியம்மா, சொல்லித்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் தோட்டத்து ஆளிடம் போய்க் கண்காணி என்றால் காதில் கங்காணி என்றுதான் விழும். எங்கள் பாட்டி வயதாகிப் படுக்கையில் கிடந்தபோதும் கங்காணி என்ற சொல் காதில் விழுந்தால் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்ததும் அவன்தான், கடன் எழுதியதும் அவன்தான். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியும், ரப்பர்ப் பால் காட்டில் அந்தப் பெயரின் பயம் நிற்கவில்லை. அதைக் கொண்டுபோய்ப் படுக்கையில் வைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று, ஐயா சொன்னது வேறு விதத்தில் சரி. நான் சீப்பேப் போடுகிறேன், வாட்சும் கட்டுகிறேன். காலையில் எழுந்ததும் வாட்சைப் பார்ப்பது, தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பது போலத்தான் இருக்கிறது. 84 என்றால் சிரிப்பு, 61 என்றால் நாள் முழுக்க அலுப்பு, அலுப்பு இல்லாவிட்டாலும். போன வருடம் 84, 85 என்று காட்டியதை நம்பி மிஷினைப் பத்து நாள் மூடிவைத்தேன். ஆலை வாசலில் செம்பனைக் குலை லாரியோடு வரிசையில் நின்றபோது ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டேன். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். சாலையில் இருந்திருந்தால் அடித்து எழுப்ப ஆள் ஏது?

மறுபடி மிஷின் போட்ட பிறகு மிஸ்ஸி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். வாட்ச், 6 மணி 50 நிமிடம் தூங்கினாய் என்றது. மிஷின், 2 மணி 40 நிமிடம்தான் என் மூக்கில் இருந்தாய் என்றது. நடுராத்திரியில் தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருக்கிறேன். மீதி நாலு மணிக்கு மேல் தொண்டை சும்மா கிடந்திருக்கிறது. மாஸ்க் அளவு மாற்றினார்கள், இப்போது பரவாயில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் வாட்ச். மதிப்பெண்ணுக்கு அல்ல.

---

செவ்வாய், இரவு 10.30
அனுப்புநர்: டொராண்டோ

அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் பேச்சில் தூக்கம் என்பது நித்திரை. 'நித்திரை மூச்சுத்தடை' என்றே இங்கே வயதானவர்களுக்குச் சொல்லிவருகிறேன், உடனே புரிகிறது. மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டார்கள். பாதி கிரேக்கம், பாதி லத்தீன். அவர்களே மணிப்பிரவாளம் எழுதும்போது நாம் மட்டும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறோம்?

---

புதன், காலை 5.50
அனுப்புநர்: சென்னை

நித்திரை வடசொல்.

---

புதன், காலை 9.00
அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

தெரியும் ஐயா. ஆனால் டொராண்டோ அக்காவின் 'தடை' அருகில் வருகிறது. ஒரு தயக்கம்: தடை என்றால் யாரோ தடுத்தது போல. தொண்டை ஒட்டிக்கொள்ளாமல், மூச்சு விடு என்ற கட்டளையே மூளையிலிருந்து வராத வகையும் உண்டு. அங்கே தடுப்பது எதுவும் இல்லை. இங்கே தண்ணீர் நின்றால் 'தடங்கல்' என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். தடங்கல் என்றால் நிற்கும், அப்புறம் வரும். யாரும் சங்கு ஊத மாட்டார்கள். 'தூக்க மூச்சுத்தடங்கல்' என்று வைத்துக்கொள்ளட்டுமா? தொண்டை வகையை மட்டும் சொல்லும்போது முன்னால் 'அடைப்பு' சேர்க்கலாம்.

இரண்டாவது சொல்லை யாரும் தொடவில்லை. நாளை வியாழன்.

---

புதன், காலை 11.20
அனுப்புநர்: தலைமையாசிரியர் (ஓய்வு), கோலகங்சார்

காற்று ஊதும் கருவிக்குத் துருத்தி என்று பெயர் வைத்து ஈராயிரம் ஆண்டு ஆயிற்று. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், மாலையில் துணையின்றித் தவிக்கும் நெஞ்சை, ஏழு ஊருக்கு வேலை செய்யும் ஒரே உலையின் மிதிதோலுக்கு, அதாவது துருத்திக்கு, ஒப்பிடுகிறார். 'மூச்சுத்துருத்தி' என்க.

---

புதன், மதியம் 12.10
அனுப்புநர்: பினாங்கு

ஐயா, உவமை அபாரம், ஆனால் துருத்தி இழுத்து இழுத்து விடும். இது அப்படி இல்லை. நமக்குப் பதிலாக மூச்சு விடுவதும் இல்லை. தண்ணீரை 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்தும் அளவுக்கு ஓர் அழுத்தத்தை விடாமல் கொடுத்து, தொண்டை சப்பிப்போகாமல் நிறுத்துகிறது, சைக்கிள் டியூபில் காற்று நிற்பது போல. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் இதை வெளியிட்டார்கள். ஆரம்பக் கருவிக்கு வேக்கும் கிளீனர் மோட்டார்தான் கை கொடுத்தது. வேலையைப் பார்த்தால் சரியும் சுவருக்கு முட்டுக்கொடுப்பது. எனவே 'காற்றுமுட்டு'.

---

புதன், மதியம் 12.25
அனுப்புநர்: லாரிக்காரர், சுங்கை சிப்புட்

தம்பி, முட்டு என்றால் மூச்சு முட்டும் என்றுதான் நினைப்பார்கள். ஏற்கெனவே மாஸ்க்கைப் பார்த்தாலே பயம். காற்று என்று தொடங்கினால் காத்து கருப்பு என்று கிளப்பிவிட இங்கே ஆள் இருக்கிறது. நாங்கள் 'மூச்சு மிஷின்' என்கிறோம்.

---

வியாழன், அதிகாலை 2.15
அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

விடியும் முன் முடிக்கிறேன். தூக்க மூச்சுத்தடங்கல். மூச்சுவழிக் காற்றழுத்தி, பக்கத்திலேயே 'சீப்பேப், மூச்சு மிஷின்' என்றும் போடுகிறேன், கருவியின் மேல் அதுதான் எழுதியிருக்கிறது. வாட்சுக்கு, பினாங்கு தம்பி தனி மடலில் 'தூக்கக் கணிப்பி' என்றார். அளப்பதில்லை, கணிக்கத்தான் செய்கிறது என்பது விளங்குமாம். ஆனால் கணிப்பது என்றால் இங்கே ஜாதகம், ஜாதகத்தை டாக்டரைவிட அதிகம் நம்புவார்கள். ஆகவே 'தூக்கப் பதிவி'. அதன் கீழே, 'இது மூச்சை அளக்காது. இதன் மதிப்பெண்ணைப் பார்த்து மூச்சு மிஷினை நிறுத்தாதீர்கள். இரண்டின் மணிக்கணக்கையும் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்' என்று கட்டம் கட்டிவிட்டேன். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்று தெரியும். எனக்கும் இல்லை.

---

வியாழன், காலை 6.00
அனுப்புநர்: சென்னை

மிஷின் என்ற சொல் அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்க. மூச்சறலைக் கைவிட்டதற்கும்.

---

சனி, இரவு 9.20
அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

படிகள் வந்துவிட்டன. மூன்று இடத்தில் 'தூக்கப் பதவி' என்று அடித்திருக்கிறார்கள். மறுபடி அச்சடிக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. நானும் லாரிக்கார அண்ணனும் அவர் மகளும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறோம். ஒரு படிக்கு மூன்று மேல்விலங்கு, 'த'வைத் 'தி' ஆக்க. 190 முடிந்தது.

---

சனி, இரவு 9.45
அனுப்புநர்: தலைமையாசிரியர் (ஓய்வு), கோலகங்சார்

காலை 7 மணி பேருந்தில் வருகிறேன் அம்மா, ஒரு நூறு படி எனக்கு எடுத்து வையுங்கள். கண்காணி என்று போட்டிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.