பிரகாச விசையை ஒருமுறை அழுத்தினால் திரை இரண்டு படி தாவுவது ஏன்?

குளச்சல் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். மீன் ஏலக் கணக்கை 2011-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்றில், லினக்ஸ் நிறுவி எழுதி வருகிறேன். வள்ளங்கள் கரை சேரும் காலை நேரத்தில் வெயில் ஏற ஏறத் திரையின் ஒளியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இரவில் வீட்டில் அதே பேரேட்டைச் சரிபார்க்க உட்காரும்போது கண் கூசாதபடி குறைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு நாளில் பலமுறை அந்த இரண்டு விசைகளைத் தொடுகிறேன்.

சிக்கல் இதுதான்: கூட்டும் விசையை ஒருமுறை அழுத்தினால் சில வேளை ஒளி ஒரு படி கூடுகிறது, சில வேளை இரண்டு படி தாவுகிறது. பெரிய கணக்குக் கோப்பும் உலாவியும் சேர்ந்து திறந்திருக்கும்போதுதான் தாவல் அதிகம். குறைக்கும்போதும் அப்படியே நடப்பதால், நான் விரும்பும் படியைக் கடந்து திரை முழுவதுமாக இருண்டுவிடுகிறது. வரைகலைச் சூழலிலிருந்து வெளியேறி, எழுத்து மட்டும் உள்ள கன்சோலில் அழுத்திப் பார்த்தால் எப்போதும் ஒரே படிதான். பழுது பார்க்கும் கடையில் விசைப்பலகையை மாற்றச் சொன்னார்கள். கன்சோலில் சரியாக இயங்கும் விசை பழுதானது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைப் புரிந்துகொண்டு சரிசெய்ய விரும்புகிறேன்.

தக்கலைவாசி:

உங்கள் ஐயம் சரியானது. விசைப்பலகைக்குச் செலவு செய்ய வேண்டாம். கன்சோலில் செய்த சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

பல மடிக்கணினிகளில் பிரகாச விசை மற்ற எழுத்து விசைகளைப் போல நேராக இயங்குதளத்திடம் வருவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு அதைக் கண்டு, கணினியிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸிடம் சொல்கிறது. பயாஸ், வன்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்வதற்கான ஏசிபிஐ என்ற பொது முறைப்படி, கூட்ட வேண்டுமானால் பதினாறடிமான எண் 86-ஐயும் குறைக்க வேண்டுமானால் 87-ஐயும் அறிவிப்பாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அனுப்புகிறது. அங்கே அதைப் பெறுவது ஏசிபிஐ வீடியோ இயக்கி என்ற கெர்னல் நிரல். ஒளியை மாற்றும் பொறுப்பும் அதனிடம் இருக்கும் கணினிகளில், ஓர் அறிவிப்பு வந்ததும் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது: விசை அழுத்தப்பட்டது என்பதை 225 அல்லது 224 என்ற விசை எண்ணாக மேலே டெஸ்க்டாப் எனும் வரைகலைச் சூழலுக்குத் தெரிவிக்கிறது, தானாகவே ஒளியை ஒரு படி மாற்றவும் ஏற்பாடு செய்கிறது. விசை எண்ணைப் பெற்ற டெஸ்க்டாப்பும் தன் பங்குக்கு ஒளியை மாற்றுகிறது. ஒரே கட்டளையை வீட்டில் இருவர் கேட்டு இருவருமே விளக்கைத் திருகுவது போன்ற நிலை.

இதை இயக்கியை எழுதியவர்களும் அறிவார்கள். அதனால்தான் இயக்கி உடனே ஒளியை மாற்றாமல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிநொடி, காத்திருக்கிறது. அதற்குள் டெஸ்க்டாப் ஒளியை எழுதிவிட்டால் இயக்கி தன் மாற்றத்தைக் கைவிடுகிறது. உங்கள் கணினி நினைவகம் நிரம்பித் திணறும்போது டெஸ்க்டாப் எழுதும் ஒளி அளவு அந்த 100 மில்லிநொடியைக் கடந்துதான் வந்து சேருகிறது என்று கருதுகிறேன். இயக்கி ஒரு படி மாற்றிவிடுகிறது, பிறகு டெஸ்க்டாப் இன்னொரு படி. கன்சோலில் இரண்டாமவர் இல்லை என்பதால் ஒரே படி.

உறுதிசெய்ய இரண்டு செய்திகள் வேண்டும். கெர்னல் சாதன விவரங்களைக் காட்டும் சிஸ் அடைவில், கிளாஸ் என்பதன்கீழ், திரை விளக்குக்கான பேக்லைட் அடைவுக்குள் என்ன பெயர் இருக்கிறது? விசை நிகழ்வுகளைக் காட்டும் ஈவ்டெஸ்ட் நிரலை நிர்வாகி உரிமையுடன் ஓட்டி விசையை அழுத்தினால், எத்தனை சாதனங்களிலிருந்து நிகழ்வு வருகிறது? வீடியோ பஸ் (ஏசிபிஐ வீடியோ இயக்கி அங்கே காட்டும் பெயர்), தயாரிப்பாளரின் தனி விசை இயக்கி ஆகிய இரண்டிலிருந்தும் வந்தால் அது வேறு நோய். அதற்கு மருந்தும் வேறு.

குளச்சல் கணக்கர்:

பேக்லைட் அடைவில் ஏசிபிஐ_வீடியோ0 என்ற ஒன்று மட்டுமே இருக்கிறது. அதன் வகை ஃபர்ம்வேர் என்றும், உச்ச அளவு 15 என்றும் காட்டுகிறது. ஈவ்டெஸ்டில் வீடியோ பஸ் ஒன்றிலிருந்து மட்டும், ஓர் அழுத்தலுக்கு ஒரு நிகழ்வு வருகிறது. உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைத்து இருபது முறை அழுத்திப் பார்த்தேன்; தாவல் அப்போதுதான் வந்தது.

தக்கலைவாசி:

அப்படியானால் ஐயமில்லை. அந்த இயக்கிக்கு, அதாவது வீடியோ மாட்யூலுக்கு, பிரைட்னஸ்_ஸ்விட்ச்_எனேபிள்டு என்ற அளவுரு இருக்கிறது. அதை 0 ஆக்குங்கள். கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில், முன்னால் வீடியோ என்ற சொல்லும் ஒரு புள்ளியும் சேர்த்து எழுதலாம். அதன்பின் இயக்கி விசையை அறிவிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஒளியை டெஸ்க்டாப் மட்டுமே மாற்றும். கன்சோலில் விசைகள் வேலை செய்யாமல் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேளிமலை:

தக்கலை அண்ணன் சொன்ன தீர்வு உங்களுக்குப் போதும். ஆனால் விசையை அறிவிப்பது மட்டுமே இயக்கியின் வேலை என்று பொதுவிதியாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. ஓபன்பிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தில் பிரகாச விசையைக் கெர்னலே கையாளுகிறது. அதனால் டெஸ்க்டாப் எதுவும் ஓடாத நிலையிலும், வரைகலை உடைந்துபோன நேரத்திலும் திரையை வெளிச்சமாக்க முடிகிறது. யார் மாற்றுவது என்பதைவிட, ஒருவர் மட்டுமே மாற்றுவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலத்தை அளந்து இருவரைச் சமாதானப்படுத்தும் 100 மில்லிநொடி ஏற்பாடு, வேகமான கணினியில் தெரியாது. உங்களுடையதைப் போன்ற பழைய கணினியில்தான் வெளிப்படும்.

திரை முழுவதும் இருண்டுபோவதைத் தனியாகப் பாருங்கள். படிகளின் பட்டியலை பயாஸ்தான் தருகிறது. அந்தப் பட்டியலின் முதல் இரண்டு எண்கள் படிகள் அல்ல. மின்சாரத்தில் இயங்கும்போதும் பேட்டரியில் இயங்கும்போதும் இருக்க வேண்டிய இயல்பு அளவுகள். லினக்ஸ் இயக்கி அவற்றைத் தள்ளிவிட்டு மூன்றாவதிலிருந்து எண்ணுகிறது. மீதமுள்ளவற்றில் மிகக் குறைந்த படி மங்கலாக இருக்குமா, விளக்கையே அணைத்துவிடுமா என்பது கணினிக்குக் கணினி மாறும். உங்களுடையதில் 0 அணைக்கிறது என்றால், டெஸ்க்டாப் அமைப்பில் குறைந்தபட்சத்தை 1 என்று வைக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய கணினி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். விண்டோஸ் 8 வந்த பிறகு தயாரான பெரும்பாலான கணினிகளில் ஒளியை மாற்றுவது வரைகலை இயக்கியே. ஏசிபிஐ வீடியோ அங்கே விசையை அறிவிக்க மட்டுமே இருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னல் முதல், ஒரு திரைக்கு ஒரே பேக்லைட் சாதனம் பதிவாகும்படி முடிவெடுக்கும் இடத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

குளச்சல் கணக்கர்:

இருவருக்கும் நன்றி. அளவுருவை 0 ஆக்கி மூன்று நாள் ஏலக் கணக்கு எழுதியாகிவிட்டது. எத்தனை பக்கங்கள் திறந்திருந்தாலும் ஓர் அழுத்தலுக்கு ஒரு படிதான். கணினி திணறும்போது ஒளி சற்றுத் தாமதமாக மாறுகிறது, தாவுவதில்லை. 0-ஆவது படியில் விளக்கு அணைவது உண்மை. என் டெஸ்க்டாப்பில் குறைந்தபட்ச அளவை மாற்ற வழி தென்படவில்லை என்பதால், 1-க்குக் கீழே எழுதாத சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைக் குறைக்கும் விசையோடு இணைத்திருக்கிறேன். கன்சோலில் விசை இயங்காதது எனக்கு இழப்பாக இல்லை. அங்கே தேவைப்பட்டால் பிரைட்னஸ் கோப்பில் எண்ணைக் கையால் எழுதிக்கொள்கிறேன்.